எதிரெடை

பதினொன்றாம் மாடிக்கும் மேலே
மெஷின் ரூமில் குனிந்து
பிரேக் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துரைப்பாக்கம். புதன்கிழமை.
கேன்டீன் சாம்பார் வாசனை இன்னும் சாஃப்டுக்குள் நின்றிருந்த நேரம்.

கம்பிவடம்தான் முதலில் சொன்னது.
நாற்பது மீட்டர் தொங்கும் ஆறு வடங்கள்
ஒன்றோடொன்று முணுமுணுத்தன.
பிறகு எதிரெடை
இருட்டுக்குள் எதையோ ஒரு தட்டு தட்டியது,
வாடகை கேட்க வந்தவனைப் போல
அவசரமில்லாமல்.

மூன்றாம் மாடியில் ஒருவருக்கும் தெரியவில்லையாம்.
ஒன்பதாவதில் ஒரு பெண்
தனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதென்று
சாக்லேட்டைப் பிரித்திருக்கிறாள்.
தூரத்திலிருந்து வருகிற அலை நீளமானது.
குட்டை வீடுகளை விட்டுவிடும்.
நெட்டையாக நிற்பதைத்தான் தோளில் தொடும்.

பார்க்கிங்கில் இரண்டாயிரம் பேர்
கழுத்தில் அடையாள அட்டையோடு
சிக்னல் இல்லாத போனை வானத்துக்குக் காட்டி நின்றார்கள்.
என் ஹெல்பர் தேசப்பன் மட்டும்
கிழக்கே பார்த்து நின்றான்.
அங்கிருந்து கடல் தெரியாது.
ஒரு விளம்பரப் பலகை, ஒரு தண்ணீர்த் தொட்டி.
சீனிவாசபுரத்தில் பிறந்தவன்.
"எவ்ளோ நேரம் ஆவும்ணா?" என்றான்.

சுமத்ரா பக்கம் என்றால் இரண்டரை மணி நேரம்.
அந்த ஞாயிற்றுக்கிழமை அது எங்களுக்குத் தெரியாது.
இன்றைக்கு இளநீர் வெட்டுகிறவருக்கும் தெரியும்.

நான் படித்தது ஐ.டி.ஐ.
தட்டு என்றால் எனக்குச் சாப்பாட்டுத் தட்டு.
ஆனால் பேப்பரில் படம் பார்த்ததும் பிடிபட்டது:
அந்தமானுக்கு மேற்கே
ஒரு லிப்ட் இறங்குகிறது.
கதவில்லை, பட்டனில்லை,
வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்.

இறங்குவதில் பயமில்லை.
இறங்காமல் நிற்கிறதே, அதுதான்.
எந்த மெக்கானிக்கையும் கேளுங்கள்.
கைடு ரெயிலில் கூண்டு சிக்கி
மோட்டார் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால்
வெளியே ஒரு சத்தமும் வராது.
வடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும்.
எனக்கு அது பத்து நிமிஷம். ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன்.
அங்கே இருநூறு வருஷம், முன்னூறு வருஷம்,
பிடுங்க ஆளில்லை.

அந்தப் படத்தில் ஒரு அம்புக்குறி.
ரொம்ப நேரம் அதையே பார்த்தேன்.
இறங்குவது நம்முடைய தட்டு.
திருவான்மியூர், திருச்சி, நாக்பூர்,
எல்லாம் ஒரே கூண்டு.
வாசல் பக்கம் நிற்பது வங்கக் கடல்.
நாம் உள்ளே, கண்ணாடியில் முதுகைச் சாய்த்து,
தலை சீவிக்கொண்டு.

நாலரை மணிக்கும் ஒன்றும் வரவில்லை.
பட்டினப்பாக்கத்தில் அலை வழக்கம்போல் வந்து
வழக்கம்போல் போனதென்று தேசப்பனின் அண்ணன் போன் செய்தார்.
ஆபீஸ்காரர்கள் மேலே போனார்கள்.
"லிப்ட் சேஃப்தானே?"
ஆறு வடத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு
கையெழுத்துப் போட்டேன்.

ஆறரைக்கு அடுத்த கம்ப்ளெயின்ட்.
பெரும்பாக்கம், நூற்றிநான்காம் பிளாக், லிப்ட் ஓடவில்லை.
நிலநடுக்கத்தால் இல்லை.
போன திங்கட்கிழமையிலிருந்தே ஓடவில்லை.

அது தேசப்பனின் பிளாக்.
கடற்கரையிலிருந்து பெயர்த்து
அரசாங்கம் அவனுக்குக் கொடுத்தது
ஏழாவது மாடி.

படியேறினோம்.
நாலாவது மாடித் திருப்பத்தில்
அவன் மனைவி அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள்.
மடியில் தூங்குகிற பிள்ளை,
பக்கத்தில் குக்கர், ரேஷன் கார்டு, ஒரு பை துணி.
மதியத்திலிருந்தே அங்கேதானாம்.
"இன்னாடி இங்க?"
"மேல இருந்தா ஆடுது.
கீழ போனா தண்ணி வரும்."
கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தான்.

கோளாறு பெரிதில்லை.
கதவுக் கான்டாக்டில் ஒரு புளியங்கொட்டை.
எடுத்துவிட்டு, சோதனைக்காக
காலிக் கூண்டை மேலே அனுப்பினேன்.
ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும்.
இரண்டும் நேருக்கு நேர் கடப்பது நடு மாடியில்.

சுவருக்கு இந்தப் பக்கம்
பிள்ளை புரண்டு படுத்தது.
அந்தப் பக்கம்,
செங்கல் கனத்துக்கு அப்பால்,
எதிரெடை அவர்களைத் தாண்டி
மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.