ஒட்டகம் முதுகு சொறிந்த இரவு

மங்கிஸ்தாவ் வெளியில் மைனஸ் இருபத்தாறு.
வண்டிக் கதவைத் திறந்ததும்
காற்று முதலில் பல்லைத் தேடிவந்து கடிக்கிறது.

பதினேழாம் கிணறு ஊமையாகிக் கிடக்கிறது,
இரவு இரண்டு பத்திலிருந்து.
வாக்கிடாக்கியில் மார்லன்:
“ஷோல்பான், ஏன் மூடியது? யார் மூடியது?”
அவன் குரல்கூட பாதி உறைந்துதான் வந்து சேர்கிறது.

டார்ச்சைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
கிணற்றுத் தலையின் பக்கவாட்டில் சிவப்பு உருளை.
அதன் உச்சியில் தண்டு
ஒரு சாண் எழுந்து நிற்கிறது.
எழுந்து நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள்.
தலைகீழாகத் தோன்றும்.
முதல் வருடம் எனக்கும் தோன்றியது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்:
எஃகுப் பலகை ஒன்று, அதில் ஒரு துளை.
துளை குழாய்க்கு நேரே நின்றால் வாயு போகும்,
விலகினால் போகாது.
நேரே நிறுத்துவது எண்ணெயின் அழுத்தம்.
சுண்டுவிரல் பருமன் குழாயில் ஏறிவந்து
பிஸ்டன் தலைமேல் உட்கார்ந்து
அடியிலிருக்கும் சுருள்வில்லை
நசுக்கிக்கொண்டே இருக்கிறது,
பகலில், இரவில்,
நவ்ரூஸ் பண்டிகையன்று நாங்கள் எல்லோரும்
குதிரைக்கறி தின்று தூங்கும்போதும்.

நாணிழுத்த வில்லை
எய்யாமல் ஏழு வருடம் பிடித்து நிற்கிற கை.

திறந்திருப்பதற்குத்தான் இத்தனை உழைப்பு.
மூடுவதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம்.
மறந்தால் போதும்.
பம்ப் செத்தால் போதும்.
தீயில் உருகுதிருகு இளகினால் போதும்.

அல்லது

இதோ, வேலி சாய்ந்த மூலையில்
சின்னக் குழாய் ஒடிந்து தொங்குகிறது.
பனிமேல் எண்ணெய், தேநீர் கொட்டியதுபோல.
தாங்கியின் விளிம்பில் ஒரு கொத்து
பழுப்பு மயிர்.

அறுபது அடி தள்ளி நிற்கிறது அது,
இரண்டு திமிலுக்கும் நடுவே பனியைச் சுமந்துகொண்டு,
இமையெல்லாம் வெள்ளையாக,
எதையோ மென்றபடி.
அரித்திருக்கிறது. இரும்பு இருந்திருக்கிறது.

“ஒட்டகம்” என்கிறேன்.
மார்லன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கன மீட்டர் கணக்கு வாசிக்கிறான்,
மணிக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு டெங்கே என்று.
நான் காற்று போகும் திசையைப் பார்க்கிறேன்.
மூன்று கிலோமீட்டரில் ஒரு குடியிருப்பு,
ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம்.
எங்கள் வாயுவில் கந்தகம் உண்டு.
முதலில் மூக்கைக் கொல்லும்,
மணம் போய்விட்டது என்று நிம்மதி வரும்,
பிறகு ஆளை.

போன இலையுதிர்காலச் சோதனையில்
இதே வால்வு மூட பத்தொன்பது விநாடி எடுத்தது.
கிழிந்த சீலை மாற்ற
நான்கு மணிநேரம் கிணற்றை நிறுத்தினேன்.
மார்லன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
இன்றைய பதிவைத் திரையில் தட்டிப் பார்க்கிறேன்:
நான்கு விநாடி.
இதை அவனிடம் சொல்லவில்லை. வைத்துக்கொண்டேன்.

விடியும்போது ஓரின்பாசர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.
எங்களைப் பார்க்கவில்லை.
நேரே போய் ஒட்டகத்தின் முதுகைத் தடவி
காயம் உண்டா என்று பார்த்தார்.
பிறகுதான் கேட்டார்: “அபராதமா?”

புதுக் குழாய் போட்டு, காற்று வெளியேற்றி,
கைப்பம்பில் நூற்றுப் பதினொரு அழுத்து.
தண்டு விருப்பமில்லாத விருந்தாளிபோல
மெல்ல மெல்ல உள்ளே போனது.
கிணறு தொண்டையைச் செருமிக்கொண்டது.

படிவத்தில் ஒரு கட்டம்: பழுதின் காரணம்.
பழுது எதுவும் இல்லை என்று எழுதினேன்.
படிவம் ஏற்கவில்லை. பட்டியலிலிருந்து எடு என்றது.
துரு, சீல், சுருள்வில், மனிதத் தவறு…
ஒட்டகம் இல்லை.

மதியம், கழித்துப்போட்ட துளைக்குழாய் ஒன்றை
வேலிக்கு வெளியே நட்டோம்.
ஓரின்பாசர் கயிறு சுற்றிக் கொடுத்தார்.
அது வந்து மோந்து பார்த்தது,
உரசவில்லை.
மறுபடி வேலியைப் பார்த்து நின்றது.