அட்டை

ஹட்டன். மருந்துக்கடை மாடி, மழை,
கரண்ட் இல்லை.
இருபது முகப் பகடைக்கு மட்டும்
டோர்ச் வெளிச்சம்.

சிறுத்தைக்கு ஆறு புள்ளி என்றான் ரிஸ்மி.
என்னிடம் நாலுதான்.
மூஞ்சூறாகலாம், மரையாகலாம்,
பனிமூட்டமாக முடியாதாம்:
வெட்ட உடம்பு வேண்டுமாம்.

"காயத்தோடு உருமாறினால்?"
"காயமும் கூட வரும்."
அப்படியா.

அட்டையாகிறேன் என்றேன். ஒரே புள்ளி.
தர்மினி தேத்தண்ணியைத் துப்பிச் சிரித்தாள்.
மிச்சம் மூன்றையும் பசியில் போட்டேன்.

பாத்திர அட்டையில்
'சொந்த உருவம்' என்றொரு கட்டம்.
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்;
தேய்ந்து ஓட்டை விழுந்து
மேசை தெரிந்தது.
அதையே விட்டுவிட்டேன்.

"கோட்டைப் பிரபு வேட்டைக்குக் கிளம்புகிறான்,
சப்பாத்து மாட்டுகிறான். உன் முறை."

காலுறைக்கும் தோலுக்கும் நடுவே
என் பகடை
இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.