மேலே இரண்டு புள்ளி

உள்துறைமுக வீதியில் உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடி.
என் மின் தட்டச்சு, அதன் டெய்சிச் சில்லில்
தொண்ணூற்றாறு இதழ்.
பவுண் குறி உண்டு, வீதக் குறி உண்டு,
பிரான்ஸ் கேட்கிற குறி ஒன்றும் இல்லை.

மயில்வதனி மூன்றாம் தரம் படியேறி வந்தா.
திரும்பி வந்த படிவத்தில் சிவப்பு வட்டம்:
அவவின் பெயரில் ஆங்கில ஐ.
அங்கத்தைப் பதிவில் அதன் தலையில் இரட்டைப் புள்ளி,
எங்கட கடுதாசியில் ஒற்றை.
“ஒரு புள்ளிக்கோ, தங்கச்சி?
ஆளே விடுபட்ட பட்டியல் எத்தினை கிடக்கு இங்க.”

தமிழ் மெஷின் எண்டால் லேசு.
புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது,
எழுத்து வந்து கீழே குந்துமட்டும் காத்து நிற்கும்.
இது காத்திருக்கத் தெரியாத சாதி.
ஐ அடித்தேன். ஓர் எட்டுப் பின்னுக்கு.
உருளையை அரைவரி திருப்பி, மேலே மேற்கோள் குறி.
பழைய புள்ளியும் போகவில்லை, புதிதும் சேர
மூன்று.
தலைகீழாய் ஓர் ஆய்தம்.

ஐந்து தாள் பழுது.
படியடியில் நின்ற புள்ளிமான் ஒன்று
கசக்கி எறிந்ததையெல்லாம் மென்றது,
கார்பனை மட்டும் முகர்ந்து விட்டுவிட்டு.
நடுவில் கரண்ட் போய் வந்தது.
மெஷின் கடைசி வரியை மறந்துபோய் எழும்பிற்று.

“என்னத்துக்காம் அந்த ரெண்டு?”

கப்பல் முகவர் கந்தோரில் கேட்டு வைத்திருந்தேன்.
பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு உயிரை
சேர்த்து வாசிக்கக் கூடாதாம்.
தனித்தனியே சொல்ல வேணுமாம்.

சொன்ன பிறகுதான் படிவத்தின் தலைப்பு
எனக்கு ஞாபகம் வந்தது.
மூன்று தரம் அடித்தது நான்தானே.

அவ யன்னலால் பார்த்தா.
கடற்படைப் படகொன்று வளைகுடாவைக்
கீறிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.
“அப்ப சரியாத்தான் போட்டிருக்கினம்,” என்றா.
“வடிவா அடியுங்கோ.”

குண்டூசி முனையில் வெள்ளை மை தொட்டு
ஐயின் பழைய புள்ளியை மூடினேன்.
ஊதினேன். காயவிட்டேன்.
முற்றுப்புள்ளிச் சாவியை உயரத்தில் ஒரு தரம்,
ஒரு மயிரிழை தள்ளி இன்னொரு தரம்.
புள்ளி விழுந்தால் உயிர் இல்லை என்று
பள்ளிக்கூடத்தில் படித்த விரல்,
கொஞ்சம் நடுங்கியது.

கையெழுத்தைத் தமிழில் வைத்தா.
பெயர் முழுக்க எழுதி முடித்து
திரும்பி வந்து ல்லுக்குப் புள்ளி குத்தினா,
தாளின் மறுபக்கம் வெளிச்சம் தெரிய.

ஆறாம் தாளுக்கு மட்டும் காசு வாங்கினேன்.
மற்ற ஐந்தும் மானின் கணக்கு.