குடித்தாயா

சேரம்பாடியில் கேட்டார்கள், குடித்தாயா.
கூடலூரில் டிரிப் ஏற்றும்போதும்.
நடுவட்டம் தாண்டி, முன்விளக்குக்கு நாலடியில்
சாலை முடிந்துபோகும் மஞ்சில்
ஆம்புலன்ஸ் பையனும் கேட்டிருக்கிறான்.
இல்லை, இல்லை, இல்லை என்றாராம் சன்னாசி.
கடைசி இல்லையோடு மறுபடி ரத்த வாந்தி.

ஊட்டியில் நான். எண்டோஸ்கோப்பி அறை, இரவு ஷிஃப்ட்.
தாளில் மது என்று எழுதிவிட்டுத்தான்
கேள்விக்குறி போட்டேன்.

குழாய் இறங்கியது.
உணவுக்குழாயின் அடியில் நான் எதிர்பார்த்த
நீலமாய்ப் புடைத்த நாளங்கள் இல்லை.
ஓங்கரித்துக் கிழிந்த கீறலும் இல்லை.
இரைப்பையில் காப்பி மண்டியாய்க் கறுத்த ரத்தம்,
கழுவக் கழுவ வந்தது.
அதன் வாசல் தாண்டி, குடல் திரும்பும் முதல் வளைவில்
ஒரு புண். பட்டாணி அளவு.
அடி வெளுத்து, நடுவில் ஒரு சிவந்த முனை
துடித்துக்கொண்டிருந்தது.
டாக்டர் கிளிப் கேட்டார். முதலாவது வழுக்கியது.
இரண்டாவது பிடித்துக்கொண்டது.

வெளியே இரும்பு பெஞ்சில்
எஸ்டேட் கம்பளிக்குள் சிவபாக்கியம்.
சாராயம் இல்லைம்மா, புண்.
முட்டிவலிக்கு ஏதாவது மாத்திரை?

சுருக்குப்பையை அவிழ்த்தாள்.
"கவாத்து வெட்டிட்டு வந்து ராத்திரியெல்லாம் முனகுவாரு.
பெட்டிக்கடைல நான்தான் சார் வாங்கியாந்தேன்.
விடிகாலைல குடுப்பேன், வெறும் சாயத்தண்ணில."

அட்டையை நீட்டினாள். ஆறு குழி காலி.
தாளில் அந்தச் சொல்லை நான் அடித்ததை
அவள் பார்க்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:
"மிச்சம் நாலு இருக்கு, பிரிக்காதது.
கடைல திருப்பி எடுப்பானா?"