பற்றுச்சீட்டு

போன மாதம் நான் வைத்துவிட்டுப் போன சவர்க்காரத்தில்
பெயர் இன்னும் அழியவில்லை.
கிணற்றடியில் நின்று தடவிப் பார்த்தேன்.
எழுத்துகள் விரலில் இடறின.

"குளிக்கிறனீங்களோ ஐயா?"
"பின்னை?"
அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.
அவரைக் கேள்வி கேட்டுப் பழகியவள் இல்லை நான்.

சிலிண்டரை அசைத்தேன்.
நாற்பது நாளில் முடிகிற காஸ்.
தவக்காலத் தொடக்கத்தில் மாற்றியது
பெந்தெகொஸ்தே கடந்தும் பாரமாய் இருந்தது.
குசினி மூலையில்
பாண் சுற்றி வந்த கடதாசிகள்,
விளிம்புக்கு விளிம்பு பொருத்தி மடித்து
நூலால் கட்டி.
முப்பத்தொரு வருசம்
கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கெழுதியவரின் ஒழுங்கு.
அந்த ஒழுங்குதான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது.
ஞாயிறுகளில் பாசையூருக்கு வருவேன்,
கட்டு நேராய் இருப்பதைக் காண்பேன்,
திருநெல்வேலிக்குத் திரும்பிவிடுவேன்.
மூன்று நேரமும் பாணா என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறகுதான் சுவர்.

நத்தாருக்கு வெள்ளையடித்த சுவரில்
இடுப்பளவு உயரத்தில் ஒரு மங்கல் கோடு.
கட்டிலடியில் தொடங்கி
கதவுநிலையில் அறுந்து
மாதா சுருவத்தின் கீழே சற்றுத் தாழ்ந்து
கக்கூஸ் வாசல்வரை.
கை வழுக்கி வழுக்கிப் போன தடம்.
ஓரிடத்தில் மட்டும்
ஐந்து விரலும் விரிந்து, அழுத்தி.

அவ்விடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன்.
எந்த இரவு?
அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

வவுனியாவிலிருந்து தம்பி,
"ஆளொண்டு வைச்சா ஊர் என்ன சொல்லும்?" என்றான்.
"ஊர் கிடக்கட்டும்,
வந்து சுவரைப் பார்" என்றேன்.

என்னோடு வரமாட்டார். மூன்றுதரம் கேட்டாயிற்று.
கோயில் மணி கேட்காத இடத்தில்
நித்திரை வராதாம்.

ஆகவே பொய் சொன்னேன்.
"முன்னறை சும்மாதானே கிடக்கு ஐயா.
ஒராள் வாடகைக்குக் கேக்கிறார்.
பேசாலை ஆள். மத்தியாஸ் எண்டு பேர்.
முந்தி ஆஸ்பத்திரியில வேலை செய்தவர்."

பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.
"சமைப்பாரோ?"
"ஓம்."
"மீன் வெட்டத் தெரியுமோ?"
"பேசாலையில பிறந்து தெரியாமலோ?"
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"இரவில கூப்பிட்டா முழிப்பாரோ?"

வாடகைக்கு வருகிறவனிடம்
கேட்கிற கேள்வியா அது?
முற்றத்தைப் பார்த்தபடி
"முழிப்பார் ஐயா" என்றேன்.

"அப்ப வரட்டும். எட்டாயிரம்.
முதலாந் திகதி பிந்தக்கூடாது."

முதலாந் திகதி
நான் கொடுத்த எட்டாயிரத்தை
மத்தியாஸ் அவர் கையில் கொடுத்தார்.
இலாச்சியிலிருந்து பழைய பற்றுச்சீட்டுப் புத்தகம்,
நீலம் வெளிறிய காபன் தாள்.
எழுத்துகள் கோட்டைவிட்டு மேலே ஏறின.
கையெழுத்து மட்டும் பழைய இடத்தில்,
பழைய சுழியோடு.

அடுத்த ஞாயிறு நான் வெளிக்கிடும்போது
கடித உறை ஒன்றை நீட்டினார்.
அதே எட்டாயிரம்.
வெளியே பென்சிலால்: மத்தியாஸ், சம்பளம்.

"மிச்சத்தை நீங்கள் ரெண்டுபேரும் போடுங்கோ."

நான் நின்றேன்.
மத்தியாஸ் உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம்.
"என்ன பாக்கிறாய் பிள்ளை?
பற்றுச்சீட்டு எழுதித் தா."

புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.
பெயர் எழுதினேன். தொகை எழுதினேன்.
'எதற்காக' என்ற வரியில் பேனை நின்றுவிட்டது.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்,
துடைத்து முடிந்த பிறகும்.

"வீட்டுச் செலவு எண்டு போடன்."

போட்டேன்.
அந்நேரம் குசினிக்குள்ளிருந்து மத்தியாஸ்,
"அக்கா, காஸ் முடிஞ்சுது" என்றார்.