ஒட்டாத உறை

சேன்-பியேர் வணிக நீதிமன்றத்துக்கு
மறுபடி நிற்கிறாள் லூசெத் சாமினாதேன்.
துண்டுத்தாளில் படம்: காதளவு வெட்டிய நரைமுடி,
சட்டைப்பையில் அளவுநாடா.
எடுக்க மறந்ததா, மறக்காமல் வைத்ததா, தெரியவில்லை.

இரும்புக்கடைக்காரி. சம்பளமில்லாத நீதிபதி.
காலையில் ஆணியை நிறுத்துத் தருவாள்,
பிற்பகலில் எங்கள் கடன்களை.
கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த சாமிநாதனை
எவனோ குமாஸ்தா பிழையாக எழுதினான்;
அந்தப் பிழையோடுதான் தீர்ப்புகளில் கையெழுத்து.

என் ரொட்டிக்கடையை மூடியது அந்தக் கையெழுத்து.
பதினோரு நிமிடம். எண்ணினேன்.
கணக்கேட்டை மெதுவாகத்தான் புரட்டினாள்.
கடைசிப் பக்கத்தில் நின்று,
"மாவு பிசையும் இயந்திரம் யாருடையது?"
மைத்துனனுடையது என்றேன்.
பொய்.
தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

அதில்தான் இப்போது
லெ தாம்போன் சாலையோர வண்டிக்கு
சமூசா மாவு பிசைகிறேன்.
நானும் வியாபாரி என்று
வாக்குச்சீட்டு வந்திருக்கிறது.

எதிர்த்து நிற்பவன் டயர் விற்பவன், நல்லவன்,
கணக்கில் புலி.
அவனாக இருந்தால் ரசீது கேட்டிருப்பான்.

அவளும்
கேட்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு நாளாக
மேசைமேல் கிடக்கிறது உறை,
விளிம்பெல்லாம் மாவு.