வெட்டெல்லை

ஒரு டன் பாறையில் அரை கிராம் தங்கம் இருந்தால்
லாரி வலப்பக்கம் திரும்பும், ஆலைக்கு.
இம்மி குறைந்தால் இடப்பக்கம், கழிவு மேட்டுக்கு.
அந்த எண்ணை எழுதித் தருவதற்குத்தான்
எல்கோவில் எனக்குச் சம்பளம்.
பாறை மின்னுவதைப் பார்த்து
நெவாடாவில் எவரும் முடிவெடுப்பதில்லை.
மின்னுவது பெரும்பாலும் வேறு ஏதோ.

சூதாட்டக் கூடத்தின் கடைசி வரிசை.
கழிவறைக்குப் போகிற வழியில்
கரடிப் படம் போட்ட ஸ்லாட் இயந்திரம்.
முரடு.
நாற்பது சுற்றுக்கு வாயே திறக்காது,
திறந்தால் ஒரே தும்மலில் முந்நூறு.
அதன் நெற்றியில் ஒரு தொகை ஊர்ந்துகொண்டிருக்கும்.
நாலு டாலர் விழுங்கினால் ஒரு சென்ட் ஏறும்.
ஐந்நூறைத் தொடுமுன்
யார் மடியிலாவது கொட்டியாக வேண்டும்.

சோதனைத் தாளின் முதுகில் கணக்குப் போட்டேன்.
நூறு போட்டால் பன்னிரண்டு அதற்கு.
நானூற்று எண்பதுக்குக் கீழே கழிவுக்கல்.
மேலே, தாது.
தாதுவானாலும் தோண்டக் கைப்பணம் வேண்டும்:
எண்ணூறு டாலர் சட்டைப்பையில் இல்லாத நாளில்
நானூற்றுத் தொண்ணூறே ஆனாலும்
காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.
சராசரி என்பது
கடைசிவரை நாற்காலியில் இருப்பவருக்குக் கிடைப்பது.

அந்த வியாழன் இரவு டெல்பர்ட் உட்கார்ந்திருந்தான்.
குழியில் பெரிய லாரி ஓட்டுகிறவன்,
சக்கரமே இரண்டு ஆள் உயரம்.
பதினொரு மணிக்கு நானூற்று எழுபத்து நாலு.
ஐந்துக்குள் நானூற்றுத் தொண்ணூற்று ஒன்று.
பதினேழு டாலர் ஏற்ற
அவனுக்கு எண்ணூறு போயிருக்கும்.
கேட்கவில்லை. எனக்குப் பெருக்கத் தெரியும்.

"லொரேயா, நாற்காலியைப் பார்த்துக்கொள்,
பணம் எடுத்துவிட்டு வருகிறேன்."
அதன் முதுகை இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்தேன்,
ஆள் வருகிறார் என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம்.
தொப்பிக்காரர் ஒருவர் வந்தார்.
ஆள் உண்டு என்றேன்.
என் பையில் எண்ணூறு.
கரடியின் நெற்றியில் நான் தேடும் எண்.
பத்து நிமிடம். பதினைந்து.
நான் நல்லவள் என்று சொல்லவில்லை,
உட்காரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அறுபதோடு வந்தான்.
அட்டை அதற்கு மேல் தரவில்லையாம்.
அறுபது டாலர்! இந்த முரட்டுக்கு.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
எனக்குத் தாதுவான கல்
அவனுக்குக் கழிவுதான்,
கல் ஒன்றே, எண் ஒன்றே, பை வேறு.
சொல்லியிருக்கலாம்.
சொன்னால் எழுந்துவிடுவானா,
எழுந்தால் யார் உட்காருவது,
அந்தக் கேள்வியில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது.
பக்கத்தில் நின்று பார்த்தேன்,
உலையில் குப்பி உருகுவதைப் பார்ப்பதுபோல.

தொண்ணூறு சென்ட் ஏறியது. அறுபது தீர்ந்தது.
"உட்கார். இருக்கை சூடாகத்தான் இருக்கிறது" என்றான்.

ஒன்றரை மணி நேரம்.
ஐந்நூறுவரை இறங்கிப் போனேன்,
உள்ளங்கை வேர்த்தது, கணக்கு தெரிந்தும் வேர்த்தது.
கொஞ்சம் திரும்பி வந்தது.
நானூற்றுத் தொண்ணூற்று ஆறில் விழுந்தது.
கரடி எழுந்து ஆடியது, அபத்தமாக.
போட்டது போக நூற்று எழுபது மிச்சம்.

தாதுவுக்கு மேலே கிடக்கிற மண்ணை
யாராவது அள்ளிப் போட்டால்தான் தாது தெரியும்.
என் தாளில் எடைக்குக் கட்டம் உண்டு,
ஈரத்துக்கு உண்டு, வெள்ளிக்கு உண்டு.
அள்ளியவன் பெயருக்கு இல்லை.

அடுத்த வாரம் எரிபொருள் நிலையத்தில் பார்த்தேன்.
"விழுந்ததா?" என்றான்.
விழுந்தது என்றேன்.
"எத்தனையில்?"
சொன்னேன்.
விரல் விட்டு ஏதோ எண்ணினான்,
பாதியில் விட்டுவிட்டான்.
இருவர் காபிக்கும்
அவன்தான் காசு கொடுத்தான்.